பழைய ஷேவிங் பிரஷ்ல நாட் (முடிக்கொத்து) மாத்தினவங்க அனுபவம் சொல்லுங்க

காவிரிக்கரை:
ரெண்டு வாரமா மனச அரிச்சுக்கிட்டே இருக்கு, இங்க கொட்டிடறேன். அப்பாவோட பிரஷ், பால்கோவா கலர்ல தடிச்ச கைப்பிடி, முடியெல்லாம் கொட்டி நடுவுல வழுக்கை. கைப்பிடிய தூக்கிப்போட மனசு வரல. 20 எம்எம் சிந்தெடிக் நாட் ஆன்லைன்ல வாங்கிட்டு ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்தேன். முடிய ஒட்ட வெட்டிட்டு, கைப்பிடிய துணில சுத்தி வைஸ்ல லேசா இறுக்கி, ட்ரில்ல மொதல்ல 6 எம்எம் பிட் போட்டுத் தோண்டினேன், அப்புறம் 10. மஞ்சளா பசைத்தூள் வந்துக்கிட்டே இருந்துச்சு, திடீர்னு ட்ரில் லேசாயிடுச்சு, பாத்தா பிட்ல சுத்திக்கிட்டு காகிதம் வருது. தினக்காலண்டர் தாள்! எட்டா மடிச்சு குழிக்கு அடியில வச்சு, அதுக்கு மேல பசை ஊத்தி முடிய ஒக்கார வச்சிருக்காங்க. அப்படின்னா எங்கப்பாவும் எப்பவோ ஒரு தடவை இதே பிரஷுக்கு நாட் மாத்தியிருக்கார், குழி ஆழம்னு தாள் வச்சு ஏத்தியிருக்கார். எனக்கு இது தெரியவே தெரியாது. சிவப்பு மையில ஒரு '1' மட்டும் மிச்சம், அது 1ஆ, 11ஆ, 21ஆன்னு தெரியல, மாசம் வருஷம் போட்டிருந்த பக்கம் தூளாப் போச்சு. புது நாட் நல்லா ஒட்டிடுச்சு, நுரையும் நல்லா வருது. ஆனா ட்ரில் போடாம எடுத்திருந்தா அந்தத் தாள் முழுசா கெடச்சிருக்கும்ல? அதான் தூங்க விடமாட்டேங்குது. பழைய நாட் எடுக்கறப்ப உங்களுக்கு இப்படி ஏதாவது?

கொங்குமரம்:
ட்ரில் எடுத்ததே தப்புங்க, ஆவிதான் காட்டியிருக்கோணும். எங்க தாத்தாவோட பித்தளை கைப்பிடி, நான் இட்லிப் பானை மூடியில ஒரு ஓட்டை போட்டு, அதுல வர்ற ஆவிக்கு நேரா தலைகீழா இருவது நிமிசம் புடிச்சனுங்க, கையில துணி சுத்திக்கிட்டு. அப்புறம் கட்டிங் பிளேயர்ல முடிய மொத்தமா கவ்வி லேசா திருகுனா கார்க் கழண்டு வர்ற மாதிரி அடிக்குமிழோட முழுசா வந்துருச்சு, குழியில ஒரு கீறல் இல்ல. பெரும்பாலான பசை சூட்டுக்கு இளகும், அந்த இளக்கத்துக்குத்தான் காத்திருக்கோணும், அவசரப்படக் கூடாது. முடிய வெட்டியும் இருக்கக் கூடாதுங்க, வெட்டிட்டா புடிச்சு இழுக்க என்ன இருக்கு? மொதல்ல ராத்திரி முழுக்க வெதுவெதுப்பான தண்ணில ஊற வைங்க, அப்புறம் ஆவி, அப்பவும் வரலைனா மறுக்கா ஆவி. வெர்னியர் வச்சு குழியோட குறுக்களவு, ஆழம் ரெண்டும் எடுத்துட்டுத்தான் நாட்டே ஆர்டர் போடோணும், நீங்க வாங்கி வச்சுட்டு அப்புறம் தோண்டியிருக்கீங்க. தண்ணில நனைச்சா நாட் அடி விரியாது, ஆனா பசைக்குனு ஒரு அரை எம்எம் இடம் வேணும். அடுத்த பிரஷுக்காவது இப்படிப் பண்ணுங்க.

லண்டன்_பொடியன்:
கொங்குமரம் அண்ணை, பித்தளைக்குச் சரி. அதையே எல்லாத்துக்கும் சொல்லாதேங்கோ. நான் இங்க கார் பூட் சேல் (பழைய சாமான் சந்தை) ஒண்டில 3 பவுணுக்கு ஒரு பழைய கைப்பிடி வேண்டினனான், தேன் நிறம், அந்தக் காலத்து கேட்டலின், அது ஒரு வகை ரெசின் பிளாஸ்டிக். வெளிச்சத்துக்குப் பிடிச்சால் உள்ளுக்க பொன் ஓடுற மாதிரி இருக்கும். நாட் கழரட்டும் எண்டு கேத்தில்ல கொதிச்ச தண்ணிய அப்பிடியே கோப்பைக்குள்ள ஊத்தி அதுக்குள்ள வச்சன். ஜனவரி மாசம், குசினி குளிர், கைப்பிடியும் குளிர். டக் எண்டு ஒரு சத்தம். எடுத்துப் பாத்தால் கழுத்தில இருந்து அடிவரைக்கும் தலைமயிர் மாதிரி ஒரு கோடு. பிறகு எத்தினை எபாக்ஸி பசை போட்டும் அந்தக் கோடு மறையேல்லை. அந்தச் சத்தம் இப்பவும் காதுக்க கேக்குது. பழைய ரெசின் கைப்பிடிக்கு திடீர்ச் சூடு ஆகாது, காவிரிக்கரை ட்ரில் போட்டதுதான் சரி.

கடல்காத்து:
என் கதை வேற. வாப்பாவுக்கு நான் வேலைக்குப் போன மொத வருசம் வாங்கிக் கொடுத்த பிரஷ், பதினெட்டு வருசம் தினமும் அதுலதான். போன ரமலானுக்கு முன்னாடி மருமகன் பெட்டியில 'பியூர் பிரிசில்'னு போட்டிருக்கறதப் படிச்சுட்டு, மாமா இது பன்றி முடின்னு சொல்லிட்டான். வாப்பா ஒண்ணுமே சொல்லல. பிரஷ எடுத்து ஒரு பையில போட்டு முடிச்சுப் போட்டு என் கையில கொடுத்தாங்க, கண்ணு மட்டும் என்னப் பாக்கல. தெரியாம வாங்கினதுதான், ஆனாலும் அந்த நிமிசத்த என்னால மறக்க முடியல. முடிய முழுசா எடுத்துட்டு, குழிய சுரண்டி பலதடவை கழுவி, சிந்தெடிக் நாட் ஒட்டி ஒரு வாரம் கழிச்சுக் கொண்டுபோய் வச்சேன். வாங்கிக்கிட்டாங்க. உம்மாதான் போன்ல சொன்னாங்க, காலையில அதுலதான் ஷேவ் பண்றாங்களாம்னு. நாட் வாங்கறவங்க தயவுசெஞ்சு கடைக்காரர்கிட்ட என்ன முடின்னு கேட்டு வாங்குங்க. 'போர்' (boar), 'பியூர் பிரிசில்'னு போட்டிருந்தா பன்றி முடிதான்.

பழையரேஸர்:
எல்லாரும் கைப்பிடியப் பத்தியே பேசறீங்க, முடியப் பத்தி ஒருத்தரும் பேசலையே. லண்டன் தம்பி மாதிரி சந்தையில பழசு வாங்கறவங்க அந்த முடில ஷேவ் பண்ணிப் பாக்கவே கூடாது. முதல் உலகப் போர் சமயத்துல பிரிட்டிஷ், அமெரிக்க சிப்பாய்ங்களுக்கு ஷேவிங் பிரஷ் மூலமா ஆந்த்ராக்ஸ் வந்துச்சு, கழுத்துல, தாடையில கறுப்பா புண்ணு. பேட்ஜர்ங்கற விலங்கோட முடி கிடைக்காம, சரியா கிருமி நீக்காத குதிரை முடிய பேட்ஜர் மாதிரி சாயம் ஏத்தி வித்ததுதான் காரணம். 1920ல ஜப்பான்லேர்ந்து வர்ற ஷேவிங் பிரஷ பிரிட்டன் தடையே பண்ணுச்சு. அந்தக் காலத்துக் கைப்பிடி நெறையத்துல 'ஸ்டெரிலைஸ்டு'ன்னு பொறிச்சிருக்கும் பாத்திருப்பீங்க, அது இதனாலதான். ஆந்த்ராக்ஸ் கிருமி விதை மாதிரி ஒரு நிலைக்கு மாறி வருஷக்கணக்கா உயிரோட கிடக்கும். அதனால எந்த வருஷத்துதுன்னு தெரியாத பிரஷ்னா நாட் மாத்தறதுதான் முதல் வேலை, பழைய முடிய காயவச்சு வெட்டித் தூள் பறக்க விடாதீங்க, நனைச்சு வெட்டுங்க, மாஸ்க் போடுங்க. எனக்கு சொந்தக் கதைன்னு பெருசா இல்ல, ஒரே ஒரு நாட் மாத்தியிருக்கேன், கோணலா ஒட்டிட்டேன், அவ்வளவுதான்.

நெல்லைக்_கடைசல்:
நான் மரக் கடைசல் வேலைதான் செய்யுதேன், கைப்பிடி நானே கடஞ்சது, கருங்காலி. நாட்டும் நல்ல நாட், 24 எம்எம் பேட்ஜர், அதுக்குன்னு காசு சேத்து வாங்குனேன். அரால்டைட் ரெண்டு டியூப்பையும் சமமா கலந்து குழியில கொஞ்சம் தாராளமாவே விட்டுட்டேன், நாட்ட அமுக்குனதும் பசைக்கு வெளிய போக வழி இல்ல, அது முடி வழியா மேல ஏறிட்டு. அப்பத் தெரியல. மறுநாள் காலையில விரல வச்சு அமுக்குதேன், அடிப்பாதி கல்லு. நுனி மட்டும் பட்டு மாதிரி ஆடுது, உள்ள ஒரு கூழாங்கல்லு இருக்கு. வெட்டி எறியறதத் தவிர வேற வழியே இல்லாமப் போச்சு. மூணு மாசம் அந்தக் கைப்பிடிய வெறுங்குழியோட அலமாரியிலயே வச்சிருந்தேன்.

இப்பல்லாம் பசைய குழியோட சுவர்ல மட்டும் ஒரு குச்சியால மெல்லிசா தடவுதேன், அடியில ஒரு சொட்டு. ஒட்டுறதுக்கு முன்ன சும்மா வச்சு உயரம் பாத்துக்கிடணும், முடி வெளிய 50 எம்எம்முக்கு மேல நின்னுச்சுன்னா தொளதொளன்னு முகத்துல படுத்துக்கிடும். குழி 20 எம்எம்மா இருந்து ஆழம் கூடிப்போச்சுன்னா நம்ம செல்லாத நாலணா இருக்கே, எவர்சில்வர்ல வந்தது, அது 19 எம்எம், கச்சிதமா உள்ள இறங்கும். ரெண்டு காசு, தேவைன்னா மூணு. உள்ள பொள்ளலா இருக்க பிளாஸ்டிக் கைப்பிடின்னா மொதல்ல எம்-சீல் உருட்டி அடைச்சுட்டு அதுக்கு மேல காசு. காவிரிக்கரை அப்பா தாள் வச்சதும் இதே கணக்குதான், தண்ணி எறங்காம இத்தன வருசம் தாள் தாளாவே இருந்திருக்குன்னா பசைய எவ்வளவு சுத்தமா போட்டிருக்காருன்னு பாத்துக்கோங்க.

கொங்குமரம்:
கேட்டலின் பத்தி லண்டன் தம்பி சொன்னது சரிங்க, ஒத்துக்கறேன். ஆனா கொதிதண்ணி வேற, ஆவி வேற. பொறுமையா கொஞ்சங்கொஞ்சமா சூடேத்தியிருந்தா வெடிச்சிருக்காதுன்னுதான் எனக்குப் படுது. எபாக்ஸியே வேண்டாங்க, சிலிக்கான் போட்டு ஒட்டுனா பின்னால உயரம் புடிக்கலைனா கழட்டிக்கலாம்.

நெல்லைக்_கடைசல்:
தினமும் சுடுதண்ணில ஊறப்போற சாமான், சிலிக்கான வச்சு ஆறு மாசத்துல ஆட ஆரம்பிச்சிட்டு எனக்கு. உயரம் சோதிச்சுப் பாக்க மட்டும் சிலிக்கான், நிரந்தரத்துக்கு எபாக்ஸிதான். ஒரு நாள் முழுக்க தொடாம காய விடணும்.

காவிரிக்கரை:
பழையரேஸர் சார், இது எண்பதுகள்ல வாங்குனது, பயப்பட வேண்டாம். கடல்காத்து பாய், உங்க பதிவ மூணு தடவை படிச்சேன்.

நெல்லை அண்ணே, நீங்க பசையப் பத்தி சொன்னதும் அம்மாகிட்ட போன் போட்டுக் கேட்டேன். ஞாபகம் இருக்காம். அப்பா ஒருநாள் திருச்சி போயிட்டு முடிய மட்டும் தனியா பொட்டலம் கட்டி வாங்கிட்டு வந்தாராம், திண்ணையில உக்காந்துதான் ஒட்டுனாராம். எந்த வருஷம்னு அவங்களுக்கு வரல. ஆனா அன்னிக்கு ஸ்கூல் லீவாம், பக்கத்துல உக்காந்து கொட்டாங்குச்சியில பசைய ஈர்க்குச்சியால கலக்கிக் கொடுத்தது நான்தானாம்.