விடை சரி, காரணம் தப்பு: பி.எஸ்சி. வகுப்புல கருத்துக் கேள்விகள்

பசங்களுக்குக் கருத்து நெஜமாவே புரிஞ்சிருக்கான்னு எப்படிக் கேள்வி கேட்டுப் பாக்கறது? மூணு ஊர் ஆசிரியர்கள் சொல்றது:

கோபிசெட்டிபாளையம், இயற்பியல்:
வளிமண்டல அழுத்தம் புரிஞ்சிருக்கான்னு பாக்க நம்மூர்க் கிணறே போதுங்க. "தண்ணி 40 அடி ஆழத்துல கிடக்குது. மேட்டுல வச்ச 5 எச்.பி. மோட்டார் எடுக்கல. 10 எச்.பி. மாட்டுனா எடுக்குமா?" எடுக்காதுன்னு நிறையப் பேரு டிக் அடிச்சிருவாங்க. மோட்டாரைக் கிணத்துக்குள்ள இறக்கி வைக்கறதைப் பாத்து வளந்த பசங்களாச்சே. காரணம் கேட்டா "இழுவை பத்தாது"ம்பாங்க. வெளிக்காத்துதான் தண்ணியத் தள்ளுது, அது அதிகபட்சம் 10.3 மீட்டர், அதாவது சுமார் 34 அடிதான் ஏத்தும், எச்.பி.யைக் கூட்டி ஆகப்போறது ஒண்ணுமில்லை. இந்தக் காரணம் அவங்ககிட்ட இருந்து வராது.

அதனால ரெண்டு அடுக்காக் கேளுங்க. விடைக்கு 2 தெரிவு, காரணத்துக்கு 4 தெரிவு, ரெண்டும் சரின்னாத்தான் மார்க்கு. குருட்டடிக்கு எட்டுல ஒரு வாய்ப்புத்தான். தப்பான காரணங்களை நாமளா எழுதுனா ஒருத்தனும் தொடமாட்டான். முதல்ல ஒரு செட் பசங்ககிட்ட வெறும் "ஏன்?" கேட்டு, அவங்க எழுதினதையே அவங்க பேச்சுலயே போடணும்.

ஈரோடு, வேதியியல்:
சார், எங்க பாடத்துல சமன்பாட்டை நம்பவே கூடாதுங்க. நீர் உருவாகறதைக் கண்ணை மூடிட்டுச் சமன் செய்வாங்க. ஒரு பெட்டிக்குள்ள ஹைட்ரஜன் மூலக்கூறு 6, ஆக்சிஜன் 2 வரைஞ்சு குடுத்து, வினை முடிஞ்சப்புறம் இருக்கறதை வரையச் சொல்லுங்க. நீர் 4, மிச்சம் ஹைட்ரஜன் 2 வரணும். மிச்சத்தை விட்டுருவாங்க, இல்லைன்னா எல்லா அணுவையும் ஒட்டி ஒரே கொத்தாப் போட்டுருவாங்க. ரெண்டும் வேற வேற கோளாறு. முன்னது வரம்பு வினைபொருள் (முதல்ல தீந்துபோய் வினையை நிறுத்தற பொருள்) புரியலை, பின்னது குணகத்துக்கும் (வாய்பாட்டுக்கு முன்னால வர்ற எண்) கீழெண்ணுக்கும் (H₂ல இருக்கற சின்ன 2 மாதிரி) வித்தியாசம் தெரியலை. மார்க்கைத் தனித்தனியாப் பிரிச்சுப் போடுங்க.

பொள்ளாச்சி, இயற்பியல்:
பருவத் தொடக்கத்துலயும் கடைசியிலயும் ஒரே தாளைக் குடுக்கணுங்க. சராசரி நூத்துக்கு 40லிருந்து 58க்கு வந்தா, ஏற இடமிருந்த 60ல 18 ஏறியிருக்கு, 18ஐ 60ஆல வகுத்தா ஆதாயம் 0.3. விசைக் கருத்துகளுக்கு 1992ல வந்த, அமெரிக்க இயற்பியலாளர் ஹெஸ்டனஸ் குழுவோட தேர்வுக்கும் இந்தக் கணக்கைத்தான் போடுவாங்க. ரெண்டு தேர்வையும் எழுதினவங்களை மட்டும் சேருங்க. நடுவுல நின்னவங்களைச் சேத்தா எண்ணு பொய்யா ஏறும்.

இன்டர்னல் மார்க்கோட முடிச்சுப் போடாதீங்க, மனப்பாடம் பண்ணிட்டு வந்துருவாங்க. முதல் தேர்வுக்கு விடையும் சொல்லக் கூடாது. தாளை எண்ணி வாங்கிக்குங்க. ஒரு போட்டோ வாட்ஸ்அப்ல போச்சுன்னா அடுத்த வருசத்துக்கு அந்தக் கேள்வி ஆகாது.