அப்பா எவ்வளவு குடித்தாலும் ‘ஸ்டெடி’: உங்கள் வீட்டிலும் இப்படி உண்டா?

எங்கள் அப்பாவைப் பற்றி உறவுக்காரர்கள் பெருமையாகச் சொன்ன ஒரே விஷயம் இதுதான்: “எத்தனை பாட்டில் போனாலும் ஆள் ஆடமாட்டார், ஸ்டெடி.” சிங்கப்பூரில், ஈசூனில் எங்கள் புளோக்குக்குக் கீழே இருந்த கோப்பிக்கடையில் மற்றவர்கள் மேசையில் தலையைச் சாய்த்திருப்பார்கள். அப்பா மட்டும் காலி பாட்டில்களை வரிசையாக அடுக்கி, கணக்குப் பார்த்து, காசைக் கொடுத்துவிட்டு நேராக நடந்து மின்தூக்கிக்கு வருவார். சாவி முதல் தடவையே துளைக்குள் போகும். கதவுக்குப் பின்னால் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்கும் எனக்கும் தம்பிக்கும் அதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. விளக்கைப் போடாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார் என்றால்தான் தெரியும். அப்புறம் மூன்று நாள், நான்கு நாள் வேலைக்குப் போகமாட்டார். பேசமாட்டார். அதற்கு ஒரு பெயர் உண்டு என்று அன்றைக்கு எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. 54 வயதில் கல்லீரல் போய் இறந்தார்.

தம்பி பீரை வாயில் வைத்தவன் இல்லை. ஆனாலும் 31 வயதில் ஒரு வாரம் தூங்காமல் திரிந்து, ஒரே இரவில் ஏழு சைக்கிள்களை ஆர்டர் செய்தான். மிதமிஞ்சிய உற்சாகமும் கடும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோய் என்றார்கள். கார்பமசெபின் மாத்திரை தரலாமா என்று யோசித்த டாக்டர், முதலில் ரத்தத்தில் ஒரு மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டும் என்றார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு காதோடு கேட்டார்: “அவங்க அப்பாவோட குடி இவன் ரத்தத்துல எறங்கியிருக்கான்னு பாக்குறாங்களா?”

டாக்டர் சீனப் பெண்மணி. நான் மொழிபெயர்த்துச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. சில ஆசியர்களிடம் இருக்கும் எச்எல்ஏ-பி 1502 என்ற மரபணு வகையோடு இந்த மாத்திரை சேர்ந்தால், தோல் கொப்பளித்து உரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு முன்கூட்டியே பார்ப்பது 2013 முதல் சிங்கப்பூரில் வழக்கம். அவ்வளவுதான் இந்தப் பரிசோதனை. குடி வருமா, மனநோய் வருமா என்று சொல்லும் பரிசோதனை எதுவும் கிடையாது என்றார்.

அம்மா விடவில்லை. “அப்ப எங்கிருந்து வந்துச்சு?”

டாக்டர் அப்பாயின்ட்மென்ட் சீட்டின் பின்பக்கம் இரண்டு பெட்டிகள் வரைந்தார். சாராயம் உடம்புக்குள் போனதும் முதல் பெட்டியில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறுகிறது. அந்த நச்சை இரண்டாவது பெட்டி, அதாவது ஏஎல்டிஎச்2 என்ற நொதி, கழுவித் தள்ளுகிறது. கிழக்காசியர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் அந்த இரண்டாவது பெட்டி மந்தம். நச்சு தேங்கி முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், குமட்டும். “எனக்கும் அப்படித்தான். சீனப் புத்தாண்டு விருந்தில் அரை கிளாஸ் குடித்தாலே வேகவைத்த நண்டு மாதிரி ஆகிவிடுவேன்” என்றார். இந்த அவஸ்தையே அவர்களில் பலரைக் குடிக்கு அடிமையாகாமல் காக்கிறதாம். நம் இந்தியர்களிடம் அந்த மாற்றம் மிக அரிது.

அப்போதுதான் நான் அப்பாவின் ‘ஸ்டெடி’யைப் பற்றிச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சான் டியேகோவில் மார்க் ஷக்கிட் என்ற மனநல மருத்துவர் நூற்றுக்கணக்கான இளைஞர்களுக்கு மதுவைக் கொடுத்து, அது அவர்களை எவ்வளவு அசைக்கிறது என்று அளந்து, சுமார் பத்தாண்டு கழித்து மறுபடி தேடிப் பார்த்திருக்கிறார். முடிவு வெளியானது 1994இல். குடிநோயாளிகளின் மகன்களில், மதுவுக்குக் குறைவாக அசைந்தவர்களில் 56 விழுக்காட்டினர் குடிக்கு அடிமையாகியிருந்தார்கள். அதிகமாக அசைந்தவர்களில் 14 விழுக்காடுதான். “தாங்குகிறது என்றால் உடம்பு எச்சரிக்கவில்லை என்று அர்த்தம்” என்றார் டாக்டர். இத்தனை வருஷம் நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டது ஒரு நோய்க்குறி. வீட்டுக்கு வரும் வழி முழுக்க அம்மா எதுவும் பேசவில்லை.

இப்படி டாக்டர் வாயால் கேட்டோ, வேறு வகையிலோ தெரிந்துகொண்டவர்கள் எழுதுங்கள்.

செம்பவாங் வாசி

அக்கா, என்னோடு வேலை பார்க்கும் ஒரு சீன நண்பர் கம்பெனி விருந்துக்கு முன்னால் வயிற்று அமில மாத்திரை ஒன்று போட்டுக்கொள்வார். முகம் சிவக்காதாம். பாஸ் முன்னால் “யாம் செங்” கத்திவிட்டு நாலு கிளாஸ் இறக்குவார். நானும் இது நல்ல வழியாக இருக்கிறதே என்று நினைத்தவன்தான். சிவப்பைத்தான் மாத்திரை மறைக்கும், நச்சை இல்லை. சிவக்கும் உடம்புக்காரர்கள் தொடர்ந்து குடித்தால் உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு ஏறுகிறது என்று அப்புறம் படித்தேன். அவரிடம் சொன்னேன். “நீ கொடுத்து வைத்தவன், உனக்குச் சிவக்கவே சிவக்காது” என்றார். நான் கறுப்பு, சிவந்தாலும் யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார். மாத்திரையை விடவில்லை.

பணிஓய்வு பெற்ற தாதி

தங்கச்சி, உன் டாக்டர் சொன்னது சரி. ஒன்று சேர்க்கிறேன். முகத்தைச் சிவக்கவைக்கும் அந்த மரபணு பூட்டு மாதிரி இல்லை, வேகத்தடை மாதிரிதான். ஜப்பானில் குடிநோய்க்குச் சிகிச்சைக்கு வந்தவர்களில் அந்த மந்தமான வகையைப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர்கள் 1979இல் 2.5 விழுக்காடு, 1986இல் 8, 1992இல் 13. பதின்மூன்று வருஷத்தில் மரபணுவா மாறும்? வேலை முடிந்ததும் சேர்ந்து குடிக்கும் பழக்கம் அழுத்தியது, தடையையும் தாண்டிவிட்டார்கள்.

இன்னொன்று, வார்டில் இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவள் நான். “குடிச்சதாலதான் பைத்தியம் பிடிச்சிது” என்று மனைவி சொல்வாள். “மனசு சரியில்லன்னுதான் குடிச்சான்” என்று தாய் சொல்வாள். அங்கேயே சண்டை. 2018இல் வந்த ஒரு பெரிய ஆய்வில், குடிக்கு அடிமையாவதோடு சேர்ந்து வரும் மரபணுக் கூறுகளில் ஒரு பகுதி மனச்சோர்வு, மனச்சிதைவு ஆகியவற்றோடும் பொதுவாக இருப்பது தெரிந்தது. சும்மா எவ்வளவு குடிக்கிறார் என்பதோடு இந்த ஒட்டுறவு அவ்வளவு இல்லை, குடியால் சீரழிவதோடுதான். ஆக, மனைவி, தாய் இரண்டு பேரும் கொஞ்சம் கொஞ்சம் சரி. உன் அப்பாவின் இருட்டு நாற்காலியும் உன் தம்பியின் ஏழு சைக்கிளும் ஒரே கிணற்றுத் தண்ணீராக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன், ஒரு குடும்பத்தை வைத்து யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

தெம்பனிஸ் மருமகள்

என் மாமியார் ஊரிலிருந்து ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். “குடிப்பவருக்குத் தெரியாமல் கொடுக்கலாம்” என்று பேருந்தில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து வாங்கியதாம். என் கணவரின் ரசத்தில் கலந்துவிட்டார். அன்றிரவு இவர் வழக்கம்போலக் குடித்தார். கழுத்து வரை சிவந்து, இதயம் அடித்துக்கொண்டு, வியர்வையில் பனியன் பிழிந்தெடுக்கும்படி ஆனது. ஆம்புலன்ஸ் கூப்பிட்டோம். பொட்டலத்தில் டைசல்ஃபிராம் இருந்திருக்கும் என்று சந்தேகப்பட்டார்கள். அது அக்கா சொன்ன இரண்டாவது பெட்டியை வேண்டுமென்றே அடைக்கும் மருந்து. டாக்டர் கண்காணிப்பில், குடிப்பவரின் சம்மதத்தோடு கொடுக்க வேண்டியது. மனச்சிதைவு இருப்பவர்களுக்கு அது நோயைக் கிளறவும் செய்யலாமாம்.

இதில் ஒரு வேடிக்கை. இந்த வகை ரசாயனத்தோடு வேலை செய்த ரப்பர்த் தொழிற்சாலை ஆட்களால் குடிக்க முடியவில்லை என்பதை 1937இலேயே ஓர் அமெரிக்க மருத்துவர் எழுதி வைத்திருக்கிறார். என் தாத்தா மலாயாவில் ரப்பர் பால் வெட்டியவர். சாயங்காலமானால் கள்ளுக்கடை. தோட்டத்து மரத்தில் இருந்தது வெறும் பால்தானே, அவரை எதுவும் தடுக்கவில்லை.

மாமியாரோடு இன்னும் பேச்சுவார்த்தை சரியில்லை. அவர் மேல் கோபம் பாதி, பாவம் பாதி.

கிளமெண்டி பையன்

இந்தியர்களுக்கு முகம் சிவக்கவைக்கும் அந்த மாற்றம் அரிது என்று எழுதியிருந்தீர்கள். இங்கே நம் ஆட்களின் மரபணுவையும் பார்க்கிறார்கள். 2019இல் வெளியான மரபணு வரைபட ஆய்வில் இருந்த 4,810 பேரில் இந்தியர்கள் 1,127 பேர். அப்புறம் ஒரு லட்சம் பேருக்கான எஸ்ஜி100கே என்ற மரபணு ஆய்வு வந்தது, நான் போய் ரத்தம் கொடுத்தேன். அம்மா திட்டினார், “இன்சூரன்ஸ்காரன் பார்த்தால் கல்யாணமே நடக்காது” என்று. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று இன்னும் புரியவில்லை.

முதலில் எழுதியவள்

எல்லாருக்கும் நன்றி. அந்தத் தாதி அக்காவின் ‘கிணற்றுத் தண்ணீர்’ என்ற வார்த்தையை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

தம்பிக்குப் பரிசோதனையில் அந்த வகை இல்லை என்று வந்தது. மாத்திரை தொடங்கினார்கள், இப்போது வேலைக்குப் போகிறான். ஆறு சைக்கிள்களைத் திருப்பிக் கொடுத்தோம், ஒன்றை அவன் ஓட்டுகிறான். போன மாதம் சித்தப்பா மகன் கல்யாண விருந்தில் பெரிய மாமா கிளாஸோடு வந்து அவன் தோளில் கை போட்டார். “ஒரு பெக்தான்டா. உங்கப்பன் ரத்தம், தாங்கும்.”

“அதான் மாமா பயமே” என்றான் தம்பி.

மாமாவுக்கு விளங்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, போய் ஒரு கிளாஸ் பாண்டோங், அதான் ரோஸ் பால், எடுத்து வந்து கொடுத்தார்.