முதுகெலும்பு இணைப்பு அறுவைக்குப் பிறகு வீட்டு வேலை, கோயில் படி: எப்போது, எவ்வளவு?

மல்லிகை (ஆயர் ஈத்தாம்):
வணக்கம். இடுப்புப் பக்கத்து முதுகெலும்பில் எல்4–எல்5 என்ற இரண்டு எலும்புகளை ஸ்க்ரூ போட்டு இணைத்து மூன்றாவது மாதம் நடக்கிறது. பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமையல் வேலை எனக்கு. இடது தொடையிலிருந்து கால் பெருவிரல்வரை இழுத்த வலி போய்விட்டது, முருகன் புண்ணியம். ஆனால் வலி போனதும் நான் முழுசாகத் தேறிவிட்டேன் என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். மாமி பாசமாகத்தான் சொல்கிறார், "தரையில உட்கார்ந்து காய் நறுக்கும்மா" என்று. வாஷிங் மெஷினுக்குள் அடியில் ஒட்டிக் கிடக்கும் கடைசிக் காலுறையை எடுக்கக்கூட எனக்குப் பயமாக இருக்கிறது. கை எட்டாது, குனியவும் கூடாது, மெஷின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இதையெல்லாம் எப்படிச் சமாளித்தீர்கள்? தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படியும் ஏறலாமா?

லோரிக்காரன் (பட்டர்வொர்த்):
அக்கா, எனக்கும் அதே அறுவைதான், அதற்கு அடுத்த கீழ் இடமான எல்5–எஸ்1-இல். எக்ஸ்ரேயில் ஸ்க்ரூ பளிச்சென்று தெரிவதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுவார்கள். ஸ்க்ரூ அசையாமல் பிடித்துக்கொள்ளத்தான். உள்ளே வைத்த எலும்பு வளர்ந்து இரண்டையும் ஒன்றாக்க ஆறு மாதம் ஆகும், சிலருக்கு ஒரு வருடமும் ஆகும். மாமியிடம் இதைச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். படுக்கையிலிருந்து எழும்போது தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பட்டும், ஒருக்களித்துக் காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுங்கள். வீட்டில் யாராவது சிகரெட் பிடித்தால் வெளியே அனுப்புங்கள். எலும்பு ஒட்டுவதை அந்தப் புகை கெடுக்கும். நான் அதற்காகவே விட்டேன்.

வேலைக்குத் திரும்பும் முன் எவ்வளவு எடை தூக்கலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். நீங்கள் பெர்கேசோ (மலேசியத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பு) சந்தாதாரர் என்றால் அவர்களிடம் வேலைக்குத் திரும்ப உதவும் திட்டம் இருக்கிறது, போய்க் கேளுங்கள்.

பிசியோ தங்கை (கோலாலம்பூர்):
அக்கா, காலுறைக்கு வழி இருக்கிறது. ஒரு கையால் மெஷினை அழுத்திப் பிடியுங்கள், ஒரு காலை நேராகப் பின்னால் தூக்குங்கள், முதுகு வளையாமல் இடுப்பு மூட்டில் மட்டும் சாயுங்கள். பிசியோ முன்னால் ஒருமுறை செய்து பார்த்துவிட்டு வீட்டில் செய்யுங்கள். அதுவரை நீளமான இடுக்கி போதும். ஈரத் துணியைக் கூடையோடு தூக்கவே வேண்டாம், இரண்டிரண்டாக எடுங்கள். காய் நறுக்க மேசை. அடுப்படியில் நெடுநேரம் நின்றால் ஒரு காலைச் சின்ன ஸ்டூலில் வைத்து மாற்றி மாற்றி நில்லுங்கள். கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டைப் பக்கம் போகவே கூடாது.

கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். சில வகை மாத்திரை எலும்பு ஒட்டுவதைத் தாமதப்படுத்தலாம் என்பதால் சர்ஜனைக் கேட்டுத்தான் போட வேண்டும். கால் திடீரென்று தளர்ந்தாலோ, தொடைகளுக்கு நடுவே மரத்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ ரிவ்யூவுக்கு, அதாவது டாக்டரின் அடுத்த பரிசோதனை நாளுக்கு, காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். காய்ச்சலோடு தையல் இடத்தில் கசிந்தாலும் அப்படித்தான்.

படி ஏறுவது பொதுவாகத் தடையில்லை. முதலில் உங்கள் ஃபிளாட் படியில் கைப்பிடியைப் பிடித்து ஒரு மாடி, அப்புறம் இரண்டு. 513 படியை ஒரே மூச்சில், அதுவும் தைப்பூசக் கூட்ட நெரிசலில் ஏறுவது வேறு விஷயம். பால்குடம் இந்த முறை நிச்சயம் வேண்டாம். சாலையோரம் நாற்காலி போட்டுத் தேர் பார்க்கலாமே அக்கா.

மல்லிகை:
மாமிக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். "அப்படியா, எலும்பு இன்னும் ஒட்டவே இல்லையா" என்று கேட்டுவிட்டு மேசையை அவரே துடைத்து வைத்தார். தங்கச்சி, பால்குடத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவிட்டேன். படி விஷயத்தையும் மாத்திரை விஷயத்தையும் எழுதி வைத்திருக்கிறேன், ரிவ்யூவில் கேட்பேன். தம்பி, பெர்கேசோ சந்தா என் சம்பளச் சீட்டில் இருக்கிறது. திங்கட்கிழமை போகிறேன்.