விமானப் பயண நேரத்தைக் கணக்கிட ஒரு நல்ல வழி சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. இரண்டு விமான நிலையங்களைக் கொடுத்தால் தூரத்தையும் பயண நேரத்தையும் காட்டும் சிறு நிரல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தூரத்தில் சிக்கல் இல்லை. அட்சரேகை, தீர்க்கரேகையை ஹேவர்சைன் சூத்திரத்தில் (கோளத்தின் மேல் இரு புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தைத் தருவது) போட்டு, பூமியின் ஆரம் 6,371 கி.மீ. என்று வைத்தால் போதும். லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் ஜே.எஃப்.கே.வுக்குச் சுமார் 5,540 கி.மீ. வருகிறது.

நேரம்தான் உதைக்கிறது. மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஆனால் கால அட்டவணையில் நியூயார்க் போக ஏறக்குறைய 8 மணி நேரம், திரும்பி வர 7. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவது எல்லாவற்றுக்கும் சேர்த்து அரை மணி நேரம் கூட்டிப் பார்த்தேன், அப்பவும் ஒத்துவரவில்லை. போவதற்கும் வருவதற்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் ஜெட் காற்றோட்டத்தின் (விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து வேகமாக வீசும் காற்று) வேலை என்பது புரிகிறது. அதை எப்படி எண்ணாக்குவது? கிழக்கு, மேற்குக்குத் தனித்தனி வேகம் வைப்பது சரியா, இல்லை பருவம் வாரியான சராசரிக் காற்றுத் தரவு இலவசமாக எங்காவது கிடைக்குமா?

அப்புறம் ஹெல்சிங்கி–டோக்கியோ. 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு, ஒன்பதரை மணி நேரப் பயணம் 13 மணி நேரம் வரை நீண்டுவிட்டது. இந்த மாதிரி சுற்றுவழிகளைச் சூத்திரம் பிடிக்காது. இடைப்புள்ளிகளைக் கையால் சேர்ப்பதைத் தவிர வேறு வழி உண்டா?

விமானத் துறையில் இருப்பவர்கள் யாராவது சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். பத்து நிமிடம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை.