பொருள்: காற்றுயிர்ப்பா, வளியுயிர்ப்பா? கையேட்டுக்கு அவசரம்

புதுச்சேரி, திங்கள்

குழுவினருக்கு வணக்கம். தமிழ்வழி விலங்கியல் செய்முறைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஏழாம் பயிற்சிக்கு மட்டும் தலைப்பு அமையவில்லை. விரால், தேளி, பனையேறி ஆகிய ‘ஏர்-பிரீதிங்’ மீன்களின், அதாவது காற்றையும் நேராகச் சுவாசிக்கும் மீன்களின், ‘ஆக்சிஜன் கன்சம்ப்ஷன்’ எதெதனால் கூடும், குறையும் என்பது பாடம். என் வரைவு: “வளியுயிர்ப்பு நன்னீர் மீன்களின் உயிர்வளி நுகர்வைப் பாதிக்கும் காரணிகள்”. வாய்விட்டுப் படித்தால் எனக்கே மூச்சு வாங்குகிறது.

கடலூர் முதுநகர், திங்கள்

முதலில் ‘பாதிக்கும்’ போகட்டும் அம்மா. பாதிப்பு என்றால் கெடுதல். 200 கிராம் விரால் 20 கிராம் விராலைப் போலப் பத்து மடங்கு ஆக்சிஜன் இழுக்காது. கிராமுக்கு இவ்வளவு என்று வகுத்தால் சிறிய மீனுக்கே அதிகம் வரும். இதில் எடை யாரைப் பாதித்தது? ‘மாற்றும் காரணிகள்’ போதும்.

அடுத்தது வளி. பள்ளிப் பாடத்தில் வளிமம் என்றால் வாயு. உயிர்வளி (ஆக்சிஜன்), வளியுயிர்ப்பு (காற்றைச் சுவாசித்தல்) இரண்டையும் ஒரே வரியில் வைத்தால் பையன்கள் தேர்வில் மாற்றி எழுதுவார்கள்.

பரங்கிப்பேட்டை, திங்கள் இரவு

சொல்லுக்கு முன்னால் எதை அளக்கிறோம் என்று பார்ப்போம். இந்த மீனுக்கு வாசல் இரண்டு. செவுள் வழியே நீரிலிருந்து ஒரு பங்கு. செவுளுக்கு மேலுள்ள அறையில், தேளிக்கு முதுகுத் தசைக்குள் நீளும் பைகளில், காற்றிலிருந்து ஒரு பங்கு. 30 டிகிரியில் காற்று நிறைந்த ஒரு லிட்டர் நீரில் இருக்கும் ஆக்சிஜன் சுமார் 7.5 மில்லிகிராம், அதாவது 5 மில்லி சொச்சம். ஒரு லிட்டர் காற்றிலோ 210 மில்லி. வெப்பம் ஏறினால் மீனின் தேவை கூடும், நீரின் கையிருப்பு குறையும். காற்றுப் பங்கு தானே உயரும்.

நீர்ப் பங்குக்கு, கரைந்த ஆக்சிஜனை அளக்கும் விங்க்ளர் முறை: 200 மில்லி மாதிரி, 0.025 நார்மல் தயோசல்பேட். இறங்கும் தயோசல்பேட் ஒவ்வொரு மில்லிக்கும் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஆக்சிஜன். குழாய் முனை சீசாவின் அடியைத் தொடாவிட்டால் குமிழி கலந்து கணக்கு ஏறிவிடும். காற்றுப் பங்குக்கு, மூடிய அறையில் கரியமில வாயுவைப் பொட்டாஷ் உறிஞ்ச, கன அளவு எவ்வளவு சுருங்கியது என்று பார்க்கிறோம். 500 மில்லி அறையில் 1 டிகிரி ஏறினாலே காற்று ஒன்றரை மில்லிக்கு மேல் விரியும். மீன் எடுத்தது அதில் மறைந்துபோகும். மீன் இல்லாத அறை ஒன்றைப் பக்கத்திலேயே வையுங்கள்.

தொட்டியின் ஆழமும் காரணிதான். மேலே வந்துபோகவே விரால் சக்தி செலவழிக்கிறது என்பதை 1970களில் ஆய்வாளர்கள் பாண்டியனும் விவேகானந்தனும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆகவே இரண்டு சொல் வேண்டும்: வழி ஒவ்வொன்றுக்கும் ‘ஏற்பு’, கூட்டுத்தொகைக்கு ‘நுகர்வு’.

வில்லியனூர், செவ்வாய்

நுகர்வு மிகச் சரி. நுனி–முனை போல நுகர்–முகர் ஓரினச் சொற்கள். முகர்வது மூக்கால், மூச்சும் அங்கேதான். வள்ளுவர் “கண்டுகேட்டு உண்டுயிர்த்து” என்றபோது உயிர்த்தல் என்பதே முகர்தல். ஆகையால் நுகர்வும் உயிர்ப்பும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஆக்சிஜன் என்று எழுதுவது அந்த வீட்டுக்குள் வாடகைக்கு ஆள் வைப்பது.

சிதம்பரம், செவ்வாய்

ஐயா, மகரமும் னகரமும் மயங்குவதை நன்னூல் சொல்கிறது. அது சொல்லின் இறுதியில், நலம்–நலன் போல. சொல் முதலில் ந–ம மாறும் என்பதற்கு விதி காட்டுங்கள். தவிர, விரால் மூக்கால் மூச்சு விடுவதில்லை, வாயால் காற்றை விழுங்குகிறது.

பாகூர், செவ்வாய் இரவு

ஏரிக்கரையில் யாரைக் கேட்டாலும் “விரால் மூச்சு வாங்க மேல வருது” என்பார்கள். ‘மேல்மூச்சு மீன்’ என்றால் என்ன குறை?

கடலூர் முதுநகர், புதன்

மேல்மூச்சு என்றால் சாகக் கிடப்பவன் நினைவுதான் வரும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று. விடியற்காலையில் குளத்தில் ஆக்சிஜன் குறைந்தால் கட்லாவும் ரோகுவும்கூட மேலே வந்து வாயைத் திறக்கும். அவை தேடுவது மேற்பரப்பையொட்டிய நீரை. காற்றை உள்ளே அடைக்க அவற்றுக்கு உறுப்பு இல்லை. மேல்மூச்சு என்ற பெயர் அவற்றுக்குத்தான் பொருந்தும். வளர்ந்த விராலையோ பனையேறியையோ காற்றுக்கு இடமே இல்லாமல் சீசாவை நீரால் நிரப்பி மூடினால், நீர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் செத்துப்போகும். தேளி நல்ல நீரில் தாக்குப்பிடிக்கும். செய்முறையில் அடிக்கடி நடக்கும் தவறு இது. கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள்.

புதுச்சேரி, வியாழன்

ஐந்து பேர் சரி என்றார்கள், ஒருவர் மறுத்தார், மற்றவர்கள் மௌனம். “காற்றுயிர்ப்பு நன்னீர் மீன்கள்: ஆக்சிஜன் நுகர்வும் அதை மாற்றும் காரணிகளும்” என்று அனுப்புகிறேன். காற்று + உயிர்ப்பு குற்றியலுகரப் புணர்ச்சி. வகரம் சேர்க்க வேண்டாம் என்று அச்சகத்தாரிடம் சொல்லிவிட்டேன்.

வில்லியனூர், வியாழன் இரவு

சொல்லடைவிலாவது உயிர்வளி இருக்கட்டும். நுனி–முனைக்கு விதி தேடிக்கொண்டிருக்கிறேன்.