37 வாரத்தில் நாள் குறித்த சிசேரியன்: குழந்தையின் நுரையீரல் நீர் எப்படி வற்றுகிறது?

கல்லுக்கட்டி செவிலி:
காரைக்குடிப் பக்கம் நட்சத்திரம் பார்த்துச் சிசேரியன் கேட்கிறார்கள். 37 வாரம் நிறைந்திருந்தால் பயப்பட ஒன்றுமில்லை என்பது என் கட்சி. சுகப்பிரசவத்தில் பிறப்புப் பாதை மார்பை நெருக்கி நுரையீரல் நீரைப் பிழிந்துவிடும். சிசேரியனில் அது இல்லை, அவ்வளவுதான். குழாய் போட்டு உறிஞ்சினால் மூச்சிரைப்பு வராது.

தேவகோட்டை சிசுநலம்:
சிஸ்டர், பிழிந்து வெளியே வருவது கொஞ்சம்தான். வலி வந்தபின் சிசேரியன் செய்த குழந்தைகளும் பிறப்புப் பாதை வழியே வரவில்லை. ஆனாலும், வலி வருமுன் எடுத்த குழந்தைகளைவிட அவர்களுக்கு மூச்சிரைப்பு குறைவு. காரணம் ஹார்மோன். கருவில் நுரையீரல் குளோரைடைச் சுரந்து தானே நீரை ஊறவைக்கிறது. பிரசவ வலியில் குழந்தையின் அட்ரினலின் ஏறியதும் காற்றறைச் சுவரின் சோடியம் வாய்க்கால்கள் திறக்கும். உள்ளே போன சோடியத்தை மறுபுறமுள்ள சோடியம்-பொட்டாசியம் பம்பு வெளியே தள்ள, நீர் அதன் பின்னாலேயே போய் ரத்தத்திலும் நிணநீரிலும் சேரும். கருவிலிருந்த ஆட்டுக்குட்டிகளுக்கு அட்ரினலின் கொடுத்தபோது நீர் உறிஞ்சப்பட்டது. வாய்க்காலை அடைக்கும் அமிலோரைடு அதைத் தடுத்தது. தைராய்டு அகற்றிய குட்டிகளில் அட்ரினலின் பலிக்கவே இல்லை. 1996-இல் அந்த வாய்க்காலின் ஆல்ஃபா பகுதி இல்லாமல் பிறந்த எலிக்குஞ்சுகள் நுரையீரல் நீர் வற்றாமல் 40 மணி நேரத்துக்குள் இறந்தன. காற்றறை வரை உறிஞ்சுகுழாய் எட்டாது. தொண்டையில் ஆழமாக விட்டால் இதயத்துடிப்புதான் குறையும்.

கானாடுகாத்தான் மகப்பேறு:
அப்படியானால் வழி இருக்கிறதே. கார்ட்டிசால் வகை (ஸ்டீராய்டு) மருந்து அந்த வாய்க்கால்களைக் கூட்டும். டெக்சாமெத்தசோன் 6 மி.கி., 12 மணிக்கொரு முறை 4 ஊசி. போட்டுவிட்டு 37-இலேயே எடுக்கலாம்.

தேவகோட்டை சிசுநலம்:
இதை ஒப்பமாட்டேன், டாக்டர். அந்த ஊசி குறைமாதப் பிரசவம் நெருங்கும் தாய்க்கு உயிர்காக்கும் மருந்து, பஞ்சாங்கத்துக்காகப் போடுவதல்ல. 34 முதல் 36 வாரத் தாய்மாருக்கு பீட்டாமெத்தசோன் கொடுத்துப் பார்த்த 2016 ஆய்வில் மூச்சுத் தொல்லை குறைந்தது. ஆனால் ரத்தச் சர்க்கரை 40 மி.கி./டெ.லி.க்குக் கீழே இறங்கிய குழந்தைகளின் பங்கு 15-இலிருந்து 24 சதவீதமாக ஏறியது.

கல்லுக்கட்டி செவிலி:
உறிஞ்சுவது பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் குறித்த நாளைத் தள்ள வீட்டுப் பெரியவர்கள் சம்மதிப்பதில்லையே?

தேவகோட்டை சிசுநலம்:
நாளே பார்க்க வேண்டாம் என்று சொல்லாதீர்கள். முதல் மூன்று மாத ஸ்கேன் தேதியை வைத்து 39 வாரம் நிறையும் நாளைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். ஜோசியர் அதற்குப் பிறகு நாள் குறிக்கட்டும். அதற்குமுன் வலி வந்துவிட்டால் முகூர்த்தத்துக்குக் காத்திராமல் உடனே வரச் சொல்லுங்கள். பிறந்தபின் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 60-ஐத் தாண்டினால் எங்களைக் கூப்பிடுங்கள். இரைப்போடு வாயில் பால் புகட்டினால் புரையேறும். மூச்சிரைப்பு பெரும்பாலும் 72 மணி நேரத்தில் அடங்கிவிடும். சிறுநீரைக் கூட்டும் ஃப்யூரோசமைடு ஊசியால் அது சீக்கிரம் அடங்குவதில்லை, போட வேண்டாம்.