மறு: மறு: ‘ஃபிரேம்வொர்க்’ – திங்கட்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

கல்லூரி முதலாண்டுப் பாடநூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஐந்தாம் பாடத்தின் தலைப்பிலேயே ‘ஸ்ட்ரக்சுரல் ஃபிரேம்வொர்க்’ வருகிறது, கூடவே அவற்றின் ‘லிமிடேஷன்ஸ்’. வேதியியல், மென்பொருள், சமூகவியல், இலக்கணம் என்று நாலு துறையிலும் அதே சொல். நான் ‘கட்டமைப்பு’ என்று போட்டிருந்தேன். சரிபார்த்தவர் சிவப்பு மையில் சுழித்து, “அப்படியானால் ஸ்ட்ரக்சருக்கு என்ன? சாலையும் பாலமும் உட்கட்டமைப்பு என்றால் இது மேற்கட்டமைப்பா?” என்று எழுதிவிட்டார். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. கைகொடுங்கள்.

– மொழிபெயர்ப்பாளர், திருச்சி

*

சட்டகம். ஏற்கெனவே புழங்குகிற சொல், மாணவருக்கும் புரியும். விவாதம் முடிந்தது என்று நினைக்கிறேன்.

– நிரலாளர், சென்னை

*

தம்பி, விவாதம் அவ்வளவு சீக்கிரம் முடிந்தால் இந்தக் குழு எதற்கு?

‘சட்டகம்’ என்றால் பழைய அகராதிகளில் உடல் என்று பொருள், வடிவு என்றும் பொருள். அது ஆகிவந்த பொருள், கட்டுதல் என்ற வினை அதில் இல்லை. ‘யாத்தல்’ என்றால் கட்டுதல். அதிலிருந்து யாப்பு. எலும்பும் நரம்பும் சேர்த்துக் கட்டப்பட்டதால் உடம்புக்கு யாக்கை என்று பெயர். நூலைக்கூட எழுதினார் என்று சொல்லாமல் ‘யாத்தார்’ என்றார்கள். எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்று ஒன்றின் மேல் ஒன்றாய்க் கட்டி எழுப்புகிற முறைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் உண்டா? என் பரிந்துரை ‘யாப்பு’. கரிம யாப்பு, நிரல் யாப்பு, கருத்து யாப்பு. ‘ஆக்கை’யும் இதே வேர்தான். ‘ஆப்பு’க்கும் இதற்கும் உறவு உண்டா என்பது குறித்துத் தனி மடல் எழுதுகிறேன்.

– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை

*

ஐயா, ஆப்பு மடலைத் திங்கள் கழித்து அனுப்புங்கள், தயவுசெய்து.

எங்கள் பக்கம் யாப்பு என்றால் ஆட்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அரசியல் யாப்பு, அதாவது அரசியலமைப்புச் சட்டம். ஊர்ச் சங்கத்துக்குக்கூட யாப்பு உண்டு, ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அதைத் திருத்தச் சண்டை பிடிப்போம். ‘கரிம யாப்பு’ என்றால் கரிக்கும் ஒரு சங்கம் வைத்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

– மட்டக்களப்பிலிருந்து

*

நான் பாடம் நடத்துகிறவள், அதனால் வகுப்பறையில் நின்று பேசுகிறேன்.

2025இல் வேதியியல் நோபல் பரிசு கிடகாவா, ராப்சன், யாகி மூவருக்கும் கிடைத்தது, உலோக-கரிம ஃபிரேம்வொர்க்குகளுக்காக (சுருக்கமாக எம்ஓஎஃப்). உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்துச் செய்த, உள்ளே துளைகள் நிறைந்த படிகங்கள் இவை. ராப்சன் 1974இல் மெல்போர்னில் மாணவர்களுக்காக மர உருண்டைகளில் துளை போட்டு மூலக்கூறு மாதிரிகள் செய்துகொண்டிருந்தார். துளை எங்கே இருக்கிறதோ அதுவே வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்று அப்போது தோன்றியது. 1989இல்தான் தாமிர அயனியும் நாலு கையுள்ள மூலக்கூறும் சேர்ந்த படிகத்தை வெளியிட்டார். உள்ளே முழுக்க வெற்றிடம். 1999இல் யாகி செய்த எம்ஓஎஃப்-5 ஒன்றிரண்டு கிராமில் கால்பந்துத் திடல் அளவு பரப்பை அடக்கும்.

இங்கே முக்கியம் கம்பிகளா, இடைவெளியா? இடைவெளிதான். வாயு போய் உட்காருவது அங்கேதான். ‘கட்டமைப்பு’ என்றால் பையன்கள் காங்கிரீட்டை நினைக்கிறார்கள், ‘யாப்பு’ என்றால் வெண்பாவை. ‘சட்டகம்’ என்றால் சன்னல் சட்டம் ஞாபகத்துக்கு வருகிறது. சன்னலுக்கு நடுவில் வெற்றிடம் உண்டே! எனக்கு அது போதும்.

குறையும் சொல்ல வேண்டும். அதே எம்ஓஎஃப்-5 ஈரக்காற்று பட்டால் குலைந்துவிடும்.

– வேதியியல் ஆசிரியை, கோவை

*

மென்பொருளில் இடைவெளி, கம்பி எதுவும் விஷயமில்லை. யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பதே விஷயம். நிரலகத்தை (லைப்ரரி, தயாராக எழுதிவைத்த நிரல்களின் தொகுப்பு) நாம் கூப்பிடுகிறோம். ஃபிரேம்வொர்க் நம்மைக் கூப்பிடுகிறது. நம் நிரலை அது சொல்லும் இடத்தில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அது எதிர்பார்க்காத ஒன்றைச் செய்ய நினைத்தோம் என்றால் பாதி நாள் அதோடு மல்லுக்கட்டுவதிலேயே போகும். மாமியார் வீடு மாதிரி.

அதற்காகச் சொல்லை மாற்றச் சொல்லவில்லை. சட்டகமே இருக்கட்டும்.

– நிரலாளர், சென்னை

*

‘லிமிடேஷன்ஸ்’ பற்றி யாருமே பேசவில்லை. வரைவில் ‘வரையறைகள்’ என்று பார்த்தேன். தயவுசெய்து வேண்டாம், அது டெஃபனிஷன். ‘சட்டகத்தின் வரையறைகள்’ என்றால் மாணவன் பொருள் விளக்கம் எழுதிவைத்து மதிப்பெண் இழப்பான்.

இதற்கு நம்மிடமே சொல் இருக்கிறது: புறனடை. விதியெல்லாம் சொல்லி முடித்த பிறகு, இதில் அடங்காதவையும் உண்டு, வழக்கைப் பார்த்து அறிந்துகொள்க என்று ஆசிரியன் கையை விரிக்கிற இடம். தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் கடைசி நூற்பாவே ‘கிளந்த அல்ல’ என்றுதான் தொடங்குகிறது. ‘பழையன கழிதலும் புதியன புகுதலும்’ என்று ஊரெல்லாம் பொங்கலுக்கு மேற்கோள் காட்டுகிறார்களே, அதுவும் நன்னூல் சொல்லதிகாரத்தின் புறனடைதான். போகிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

திணையையும் பாருங்கள். ‘நடுவண் ஐந்திணை நடுவணது ஒழிய’ என்று தொல்காப்பியர் பாலைக்கு நிலமே தரவில்லை. சட்டகத்தின் நட்டநடுவில் ஓர் ஓட்டை. சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் வந்து, முல்லையும் குறிஞ்சியும் திரிந்து ‘பாலை என்பதோர் படிவம் கொள்ளும்’ என்றார். கைக்கிளையும் (ஒருதலைக் காதல்) பெருந்திணையும் (பொருந்தாக் காதல்) ஐந்துக்கும் வெளியே. இது சட்டகத்தின் தோல்வியா, நேர்மையா?

– ஆய்வு மாணவி, தஞ்சாவூர்

*

படிவம்! ஃபிரேம்வொர்க்குக்கே அது நல்ல சொல் ஆயிற்றே. இளங்கோ சொல்.

– மதுரை

*

ஐயா, மூன்று பிரதியில் நிரப்பிக் கையெழுத்துப் போட்டுத் தருவதற்கா?

புறனடை அழகாக இருக்கிறது. ஆனால் ஆசிரியர் தெரிந்தே விட்டுவைப்பது புறனடை. எம்ஓஎஃப்-5 ஈரத்தில் குலைவதை யாரும் தெரிந்து விட்டுவைக்கவில்லை, அது வெறும் பலவீனம். இரண்டுக்கும் ஒரே சொல்லா?

– கோவை

*

‘வரம்பு’ என்று வையுங்கள். எங்கள் வயலில் வரம்பு, உங்கள் வயலில் வரப்பு. சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். ‘சட்டகமும் அதன் வரம்புகளும்.’

– மட்டக்களப்பு

*

நன்றி. இதுவரை சட்டகத்துக்கு ஐந்து பேர் (என்னையும் சேர்த்து), யாப்புக்கு ஒருவர். ‘சட்டகங்களும் அவற்றின் வரம்புகளும்’ என்றே அனுப்புகிறேன். இலக்கணப் பகுதியில் மட்டும் ‘புறனடை’ என்று ஒரு பெட்டிச் செய்தி சேர்க்கிறேன். ஸ்ட்ரக்சருக்குக் ‘கட்டமைப்பு’ திரும்பக் கிடைத்துவிட்டது. சமூகவியல் ஆசிரியர் ‘அமைப்பியல்’ (ஸ்ட்ரக்சுரலிசம்) என்ற சொல்லைத் தொடக்கூடாது என்று எச்சரித்திருக்கிறார், தொடவில்லை.

– திருச்சி

*

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை என்பதைப் பதிவுசெய்கிறேன்.

நேற்று எதிர் வீட்டில் கட்டட வேலை. சவுக்குக் கழி நட்டுச் சாரம் கட்டியிருந்தார்கள். கட்டடம் எழும்பியதும் அதைப் பிரித்துவிடுவார்கள். ஆய்வுச் சட்டகமும் அப்படித்தானே இருக்க வேண்டும்? ‘சாரம்’ என்று வைத்தால் உட்பொருள் என்ற அர்த்தமும் கூடவே வரும். அடுத்த பதிப்புக்காவது பரிசீலிக்கவும்.

– மதுரை

*

ஐயா, எங்கள் பக்கம் சாரம் என்றால் இடுப்பில் கட்டுவது.

– மட்டக்களப்பு